தொப்பியை விடாமல் செத்தவன்

விளாத்திகுளத்திலிருந்து நாகலாபுரம் போகிற ரோட்டில், மானாவாரிக் காட்டுக்கு நடுவே முதன்முதலில் டூரிங் கொட்டகை போட்டவன் நான். கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் இளகும், தூண் நிற்காது என்று மேஸ்திரி கையை விரித்த இடத்தில், பனந்தூணை ஆளுயரம் இறக்கி நட்டு நிறுத்திக் காட்டினேன். கரண்டு வராத காலத்தில் ஆயில் என்ஜின் வைத்துப் படம் ஓட்டினேன். பிறகு கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். ஆறு இடத்தில் தோண்டிப் பாறையைப் பார்த்துவிட்டு, ஏழாவது இடத்தில் தண்ணீரைப் பார்த்த கிணறு. எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு மணிக்கூண்டு. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தேன், ஒரே மகனைச் சாமியாராக்கினேன். இத்தனைக்கும் நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பருத்தி எடுக்கப் போய்விட்டேன்.

இந்தப் பட்டியலில் இதுவரை சேர்க்காதது ஒன்று உண்டு. மூன்று அண்ணன் தம்பிகளை நான் என் வாயாலேயே உண்டாக்கி, சுற்றுப்பட்டி முழுவதும் நடமாட விட்டேன். அந்த மூவரையும் ஸ்பெயின் தேசத்தில் நேரில் பார்த்தேன். பார்த்ததிலிருந்து பிடித்த குழப்பம் ஊர் வந்து சேர்ந்த பிறகும் தெளியவில்லை. எழுதினால் தெளியுமா என்று பார்க்கிறேன்.

என் மகன் பெயர் அமலன். ஸ்பெயினின் தென்கோடியில் ஒரு சின்ன ஊருக்குப் பங்குச் சாமியாராக அனுப்பியிருந்தார்கள். குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து பெற்ற அப்பனே ஆனாலும் "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும், "நீங்க" என்றுதான் பேச வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. தோளில் தூக்கித் திரிந்த பிள்ளைக்கு விமான நிலையத்தில் நான் முழங்கால் போட்டேன். அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் எனக்கு மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

என் பெட்டியில் இருந்தது கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் விளாத்திகுளம் மிளகாய் வத்தலும். பரிசோதனை ஆள் வத்தல் பையைத் திறந்து மூக்கை உள்ளே விட்டான். பிறகு அவன் கண்ணைத் திறக்கவே நேரமாயிற்று. பையைத் தானே கட்டிக் கொடுத்து, போ போ என்று கையைக் காட்டினான்.

காரில் போகப் போக எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மொட்டைக் குன்றுகள். தண்ணீர் போன தடம் மட்டும் உள்ள ஓடைகள். மணியாச்சித் தண்டவாளத்து ஓரம் நிற்கிற அதே ரயில் கற்றாழை, எங்கள் காட்டு வேலியில் நிற்கிற அதே சப்பாத்திக் கள்ளி. மண் மட்டும் கறுப்பில்லை, சுண்ணாம்பு கலந்ததுபோல வெளுப்பு. இந்தக் குன்றுகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, நூறு தடவை.

"சாமி, இது அமெரிக்கால்லா?" என்றேன்.

"ஸ்பெயின்பா. நீங்க கொட்டகையில ஓட்டுன குதிரைப் படம் பாதி இங்கன எடுத்ததுதான். எடுத்தவிய இத்தாலிக்காரவிய."

நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கி நின்று பார்த்தேன். இருபது வருஷம் நாகலாபுரம் ஜனங்களுக்கு மைக்கில் "அமெரிக்கா, அமெரிக்கா" என்று சொன்னவன் நான். யாரிடம் போய்த் திருத்திச் சொல்வது?

மைக் விஷயத்தைச் சொல்ல வேண்டும். குதிரைப் படம் இங்கிலீஷில் பேசும். எனக்கும் இங்கிலீஷ் தெரியாது, தரை டிக்கெட்டில் இருப்பவர்களுக்கும் தெரியாது. அதனால் ஆப்பரேட்டர் அறையின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே நான் மைக்கில் கதை சொல்வேன். கதை என்னுடையது. ஹீரோ ஏன் பேசுவதே இல்லை? "வாயத் தொறந்தா புழுதி போவும், அதான் நம்ம ஆளு பேசமாட்டாரு." ஏன் கண்ணைச் சுருக்குகிறான்? "மழையில்லாத வானத்த அண்ணாந்து பாத்துப் பாத்து அப்படி ஆயிட்டு." சுடுவதற்கு முன் ஏன் அத்தனை நேரம் நிற்கிறான்? "மானாவாரிக்காரனுக்குக் காத்துக் கெடக்கச் சொல்லியா குடுக்கணும்?" கொட்டகை கை தட்டும். இவனை உண்டாக்கியது இந்தப் பொட்டல்தான், தாமிரபரணிக் கரையில் பிறந்திருந்தால் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்திருப்பான் என்று முடிப்பேன். அதற்கு விசில் பறக்கும்.

அப்படி ஒரு படத்தில் வம்பு வந்தது. முகத்தில் துணி கட்டிய ஒருவன் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து குண்டடி பட்டு விழுந்தான். விழும்போது அவன் இடது கை தலையில் தொப்பியைப் பிடித்திருந்தது. அரை மணி கழித்து ஓடையில் குதிரையிலிருந்து ஒருவன் விழுந்தான். அவன் கையும் தொப்பியில்.

தரையிலிருந்து ஒருத்தன் எழுந்துவிட்டான். "அண்ணாச்சி! இவந்தான் மொதல்லயே செத்துட்டாம்லா? தொப்பியப் புடிச்சிக்கிட்டே சாவுதான் பாருங்க!"

"ஏலே, உக்காருலே. அது அவன் தம்பி" என்றேன்.

கடைசி ரீலில், கோயில் படிக்கட்டில், மறுபடியும் ஒருவன். மறுபடியும் தொப்பி.

"இது யாரு அண்ணாச்சி?"

"மூத்தவரு. ரெண்டு தம்பியையும் பறிகுடுத்துட்டு வந்து நிக்காரு. கொஞ்சம் மரியாதையா பாரு."

கொட்டகை அடங்கிப்போனது. பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து ஹீரோவை யாரும் கேட்கவில்லை. "மூணு அண்ணந்தம்பி படம் எப்ப அண்ணாச்சி மறுக்கா போடுவீங்க?" என்றுதான் கேட்டார்கள்.

இரண்டாம் நாள் சாமி என்னை ஊருக்கு வெளியே கூட்டிப்போனார். படத்துக்காகக் கட்டிய மரத்தாலான கடைவீதி இன்னும் நிற்கிறது. சலூன், போலீஸ் ஸ்டேஷன், பேங்கு எல்லாம் முகப்பு மட்டும். கதவைத் திறந்தால் பின்னால் காடு. நான் பேங்கு வழியாக உள்ளே நுழைந்து ஒரு ஆட்டு மந்தைக்கு நடுவில் போய் நின்றேன். கட்டினால் முதுகும் சேர்த்துக் கட்டுகிறவன் நான். எனக்கு இது பிடிக்கவில்லை.

வீதி முனையில் ஒரு பெரிய பலகைக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் படங்களில் விழுந்தும் எரிந்தும் செத்தும் வேலை பார்த்த உள்ளூர் ஆட்களின் பெயரைப் பொறிக்கப் போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை திருவிழாவில் திறப்பு.

"பாக்கோ பேரு மட்டும் வரலப்பா" என்றார் சாமி.

பாக்கோ, சாமியின் கோயில்பிள்ளை. கோயில் சாவியை வைத்துக்கொண்டு மணியடித்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர். எழுபது வயதுக்கு மேல். நகராட்சி அலுவலகத்தில் விதி போட்டிருக்கிறார்கள்: எந்தப் படம், எந்தக் காட்சி என்று எழுதித் தர வேண்டும், சொந்தமோ உள்ளூரோ அல்லாத ஒரு சாட்சி வேண்டும். ஏன் இந்த விதி என்றால், தண்ணீர்த் தொட்டியிலிருந்து விழுந்தது நான்தான் என்று ஆறு பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்! விழுந்தவன் முகத்திலோ துணி. பாக்கோவுக்கு வெளியூரில் ஆளே கிடையாது. வெள்ளிக்கிழமையோடு பெயர் வாங்குவது முடிகிறது.

தண்ணீர்த் தொட்டி என்றதும் எனக்கு ஏதோ இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் காலைப் பூசை முடிந்து வெளியே நின்றேன். மணிக்கூண்டு ஏணியிலிருந்து பாக்கோ இறங்கினார். ஒல்லி ஆள், தலையில் வெளுத்த தொப்பி. காற்று ஒரு வீச்சு வீசியது. கடைசிப் படியில் கால் வழுக்கிப் பக்கவாட்டில் சரிந்தார். மனிதன் விழும்போது தரையில் கை ஊன்றுவான். இவர் இடது கை தொப்பிக்குப் போனது.

"ஏலே, மூணு பேரும்லா!" என்று நான் போட்ட சத்தத்தில் புறாவெல்லாம் பறந்தது.

சாமி ஓடிவந்து கிழவரைத் தூக்கினார். நான் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து, "தொட்டி! ஓடை! கோயில் படி!" என்று தமிழில் கத்தினேன். பாக்கோ என்னைப் பார்த்து மிரண்டார். சாமி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. என் கையைப் பிடித்தவர் நெடுநேரம் விடவில்லை. யாரோ ஒருவன், எங்கேயோ ஒரு காட்டில், தான் செத்ததைப் பார்த்திருக்கிறான் என்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு. ரவை மாதிரியான மாவைப் பூண்டும் எண்ணெயும் விட்டு உதிர உதிரக் கிண்டியிருந்தார் வீட்டம்மா. தொட்டுக்கொள்ளப் பொரித்த மீனும் மிளகாயும். நம்ம உப்புமாதான். மழை பெய்தால் மட்டுமே இதைச் செய்வார்களாம். மழையில்லாத நாளில் எனக்காகச் செய்ததால், வானத்துக்குத் தெரிய வேண்டாம் என்று ஜன்னலைச் சாத்தினார் அந்த அம்மா. அவர் கேலி எனக்கு உடனே புரிந்தது. மழைக்கென்று ஒரு பலகாரத்தை ஒதுக்கி வைத்துக் காத்திருக்கிற ஊர், என் ஊர்தான்.

சாப்பிட்டுக்கொண்டே என் தத்துவத்தை எடுத்து விட்டேன். இந்த மண்தானே அந்த ஹீரோவை அப்படி ஆக்கியது? வாயைத் திறக்காததும் கண்ணைச் சுருக்குவதும்?

பாக்கோ மெல்வதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவர் சொன்னதைச் சாமி எனக்குத் தமிழில் சொன்னார்.

"அவிய சொல்லுதாவ, ஹீரோ கடலோரத்துப் பெரிய ஓட்டல்ல தங்கியிருந்தாராம். தெனம் காலைல வந்து எறங்குவாராம், கொட பிடிக்க ஒரு ஆளாம். அவருக்கு ஒரு பாஷை, வில்லனுக்கு ஒரு பாஷை, இவியளுக்கு ஒரு பாஷை. ஒருத்தர் பேசுதது ஒருத்தருக்கு வெளங்காது. அதான் வசனத்தையே கொறச்சிட்டாவளாம். குரலெல்லாம் பொறவு ரோமாபுரில வேற ஆள் குடுத்ததாம்."

"அப்பம் கண்ணச் சுருக்கினது?"

"பளபளன்னு தகரத் தட்டி வச்சி மூஞ்சில வெளிச்சம் அடிப்பாவளாம். கண்ணு கூசியிருக்கு."

"புழுதி?"

"மூடையில கட்டிக் கொண்டாந்து பெரிய காத்தாடி வச்சித் தூத்துனது இவிய கூட்டாளியதானாம்."

"சுடுததுக்கு முன்னால அம்புட்டு நேரம் நிக்குதது?"

"மேகம் விலகட்டும்னு நின்னதாம்பா. மேகம் மறைச்சா வெளிச்சம் மாறிரும். மேகம் வந்தாலே டைரக்டர் திட்டுவாராம்."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். மேகம் வரட்டும் என்று நிற்கிற ஊரில் போய், மேகம் போகட்டும் என்று நின்றிருக்கிறார்கள். ஒருநாள் படப்பிடிப்பில் மழையே வந்துவிட்டதாம். கொள்ளைக்காரன் வேஷத்தில் இருந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வாயைப் பிளந்து நனைந்தார்களாம். டைரக்டர் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் எனக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. கொட்டகையில் படம் ஓடும்போது மழை பிடித்தது. இரண்டு வருஷ வறட்சிக்குப் பிறகு வந்த மழை. ஜனங்கள் படத்தை விட்டுவிட்டு வெளியே ஓடிக் காட்டுக்குள் நின்று கூத்தாடினார்கள். நான் நனைந்த திரையைப் பார்த்துக்கொண்டு, இந்த மழை நாளைக்கு வரக்கூடாதா என்று வயிறு எரிந்தேன். மானாவாரிக்காரன் பெற்ற பிள்ளை நான். மைக்கில் மண்ணின் பெருமை பேசிக்கொண்டே மனசுக்குள் வானம் வெறித்துக் கிடக்க வேண்டிக்கொண்டவன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாக்கோ வீட்டிலும் சொல்லவில்லை.

நான்காம் நாள் வியாழன். சாமி யாரோ இறந்தவருக்கு அடக்கப் பூசை வைக்க வேண்டியிருந்தது. "நீங்க சாட்சி சொல்லணும்லா, ரெண்டு பேரும் பஸ்ல போயி நகராட்சி ஆபீஸ் வாசல்ல இருங்க, நான் பதினோரு மணிக்கு வந்துருவேன்" என்றார். ஏறி உட்கார்ந்தோம். அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. பேச ஒன்றுமில்லாததால் இருவரும் தூங்கிவிட்டோம்.

கண் விழித்தால் வலது பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாகப் பளபளத்தது. உப்பளம்! தூத்துக்குடி வந்துவிட்டது, இறங்க வேண்டும் என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுவிட்டேன். பிறகுதான் பக்கத்தில் பாக்கோ குறட்டை விடுவதும், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்துவிட்டதும் தெரிந்தது. இறங்கிப் பார்த்தால் அத்தனையும் பிளாஸ்டிக் கூரை. மைல் கணக்கில். உள்ளே தக்காளி! மழையில்லாத காட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, ஊர் உலகத்துக்கெல்லாம் தக்காளி அனுப்புகிறார்கள். என் ஹீரோவின் பொட்டலுக்கு இந்தப் பக்கம் தக்காளிக் காடு, அந்தப் பக்கம் கடலோர ஓட்டல். சினிமாக்காரன் இரண்டுக்கும் நடுவில் காமிராவைத் திருப்பி வைத்திருக்கிறான். நானும் நம்பிவிட்டேன், நாகலாபுரத்தையும் நம்ப வைத்துவிட்டேன்.

திரும்பும் பஸ் எப்போது என்று கேட்க ஆளில்லை. மணி இரண்டு. கடையெல்லாம் சாத்தியிருந்தது. யாரோ பெரிய தலைவர் போய்விட்டார், கடையடைப்பு என்று நினைத்தேன். பாக்கோ கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். ஊரே மத்தியானத் தூக்கம். அலுவலகமும் சாத்தியிருக்கும்.

ஒரு சுவரின் நிழலில் உட்கார்ந்து கடலைமிட்டாயை உடைத்து இருவரும் தின்றோம். கடித்ததும் புருவத்தைத் தூக்கினார், பிடித்திருக்கிறது. பிறகு நான் மூன்று விரலைக் காட்டினேன். அவரும் மூன்று விரலைக் காட்டினார். எழுந்து நின்று, கையைப் பரப்பி, மேலிருந்து விழுவதுபோலச் செய்து ஒரு விரலை மடக்கினார். லகான் பிடித்து விழுந்து இரண்டாவதை மடக்கினார். சிலுவை அடையாளம் போட்டு, படியில் உருள்வதுபோலச் செய்து மூன்றாவதை மடக்கினார். ஒவ்வொன்றிலும் இடது கை தொப்பிக்குப் போனது. இத்தனைக்கும் நடிப்புதான், விழவில்லை. அவருக்கே தெரியாமல் போனது அந்தக் கை.

தக்காளி லாரியில் ஏறி ஊர் வந்து சேர்ந்தபோது சாமி கோபமாக இருந்தார். ஒரே ஒரு நாள்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை அலுவலக வாசலில் அவர் என்னை நிறுத்தினார். "எப்பா, ஒண்ணு சொல்லுதேன். கொட்டகையில சொன்ன மாதிரி இங்கன அடிச்சி விடக்கூடாது. நீங்க கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க. பொய்ச்சாட்சிக்கு நான் வாய் குடுக்கமாட்டேன்."

"நான் எப்ப சாமி பொய் சொன்னேன்?"

அவர் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே கார்மென் என்கிற கண்ணாடி போட்ட அம்மாள். மேசையில் பெயர்களின் தடித்த கோப்பு, பக்கத்தில் டி.வி. எங்கே பார்த்தீர்கள், எத்தனை தடவை என்று கேட்டார். நாகலாபுரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம், வருஷத்துக்கு இரண்டு தடவை கேட்டு வாங்கிப் போடுவேன் என்றேன். அந்தப் படத்தை இத்தனை தடவை பார்த்தவர் இந்த ஊரிலேயே கிடையாது என்று அவர் சொன்னதைச் சாமி மொழிபெயர்த்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்று சாவையும் சொன்னேன். தொட்டி, ஓடை, கோயில் படி. மூன்றிலும் இடது கை தொப்பியில்.

கார்மென் அம்மாள் வீடியோ கேசட்டைப் போட்டார். தொட்டியிலிருந்து விழுந்தவன் கை தொப்பியில். நிறுத்திப் பார்த்தார், தலையை ஆட்டினார். ஓடை வந்தது. கை தொப்பியில். பாக்கோ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். படம் ஓடியது, ஓடியது, முடிந்தது. கோயில் படி வரவே இல்லை.

"எங்க?" என்றேன். மறுபடியும் கடைசிப் பகுதியைப் போட்டார். படியே இல்லை. கோயிலே இல்லை! ஹீரோ குதிரையில் போகிறான், பாட்டு, அவ்வளவுதான்.

சாமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே, நான் நாலு பேர் நடுவில் பேசும்போதெல்லாம் அப்படித்தான் பார்ப்பார். கார்மென் அம்மாள் பேனாவை மூடினார். ஒரு சாவு பொய்யானால் சாட்சியே பொய். பாக்கோ மட்டும் என்னைப் பார்க்கவில்லை, மடியிலிருந்த தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஜனங்கள் அழுதிருக்கிறார்கள். நாகலாபுரமே கனவு கண்டதா? கண்ணை மூடி ஆப்பரேட்டர் அறைக்குள் போய்ப் பார்த்தேன். சூடு, கார்பன் வாடை, ரீல் பெட்டி. வாடை வந்ததும் மற்றதும் வந்தது. முதல் வாரமே கடைசி ரீலில் தீப்பிடித்துக் கொஞ்சம் கருகிப்போனது. பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது கம்பெனிக்காரன் கத்துவான் என்று, திருப்பி அனுப்பாமல் கிடந்த வேறொரு குதிரைப் படத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, பசை தடவி ஒட்டினேன். அதே குன்று, அதே கள்ளி, அதே புழுதி. மண் ஒன்றாக இருந்ததால் ஒட்டு யாருக்கும் தெரியவில்லை. கம்பெனியிலிருந்து அதே பெட்டிதான் திரும்பத் திரும்ப எனக்கு வந்தது; வருஷம் போகப் போக எனக்கே தெரியாமல் போய்விட்டது.

"சாமி" என்றேன். "மூத்தவர் வேற படத்துக்காரரு. நான்தான் ஒட்டு போட்டேன்."

பெற்ற மகனிடம் பாவசங்கீர்த்தனம் செய்த அப்பன் நானாகத்தான் இருப்பேன். தீப்பிடித்தது, வெட்டியது, கம்பெனிக்காரனிடம் மறைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். சாமி ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். அதுவரை நாற்காலியில் சாய்ந்தே பேசியவர், அப்போது முன்னால் குனிந்து என் பக்கம் உட்கார்ந்து பேசினார்.

கார்மென் அம்மாள் கோப்பைத் திறந்து பாக்கோ முன்பே எழுதிக் கொடுத்திருந்த தாளை எடுத்தார். படித்துவிட்டுச் சாமியிடம் நீட்டினார். சாமி அதை இரண்டு தடவை படித்தார்.

"எப்பா, இதுல அவிய எழுதியிருக்காவ. ரெண்டு படமாம். தொட்டியும் ஓடையும் ஒரு படத்துல. கோயில் படி அடுத்த வருசம் எடுத்த படத்துலயாம்."

எனக்கு ஸ்பானிஷ் படிக்கத் தெரியாது. அந்தத் தாளை நான் பார்த்ததும் இல்லை. நான் வெட்டி ஒட்டாமல் இருந்திருந்தால் எனக்கு இரண்டு சாவுதான் தெரிந்திருக்கும். அது, தொட்டியிலிருந்து விழுந்ததாக எழுதிக் கொடுத்த அந்த ஆறு பேருக்கும் தெரியும். வேறு படத்துச் சாவையும் நான் சேர்த்துச் சொன்னதால்தான் என் சாட்சி அவர் தாளோடு பொருந்தியது.

கார்மென் அம்மாள் பேனாவைத் திறந்து எழுதினார். எழுதி முடித்துப் பாக்கோவிடம் ஒன்று கேட்டார். ஏன் தொப்பியைப் பிடித்தீர்கள், செத்தவன் தொப்பியைப் பிடிப்பானா?

"டைரக்டரும் அதத்தான் கத்துனாராம்" என்று சாமி சொன்னார். "மத்தவியளுக்கெல்லாம் கம்பெனித் தொப்பி. இவியளுக்குத் தலை சின்னது, அளவு சேரல, அதனால சொந்தத் தொப்பி. அது காத்துல போயிட்டா மறுநா ஆடு மேய்க்க எப்படிப் போவ? இந்த வெயில்ல தொப்பி இல்லாம மனுசன் நிக்க முடியுமான்னு கேக்காவ."

நான் எழுந்துவிட்டேன். என் தோளில் கிடந்த துண்டில்தான் என் கை இருந்தது. ஊரில் எந்தச் சண்டையிலும் எந்த ஓட்டத்திலும் முதலில் கை போகிற இடம் அதுதான். நாகலாபுரம் தரை டிக்கெட்டுக்காரன் முகம் தெரியாத ஒருவனை மூன்று தடவையும் அடையாளம் கண்டது எப்படி என்று அப்போதுதான் விளங்கியது. மண் ஆளை உண்டாக்கும் என்று நான் மைக்கில் சொன்னது சரி. ஆளைத்தான் மாற்றிக் காட்டிவிட்டேன். குடைக்குக் கீழே நின்றவனைக் காட்டினேன். தொப்பியைப் பிடித்தவன் ஓரத்தில் விழுந்துகொண்டிருந்தான்.

சரி என்று முடித்துவிட முடியவில்லை. அந்த ஹீரோவைப் பார்த்துத்தான் நான் ஏழாவது கிணறு தோண்டினேன். அவன் ஓட்டலில் தூங்கியவன் என்றால் என் கிணற்றில் தண்ணீர் யாரால் வந்தது? மண்ணா, ரோமாபுரியில் குரல் கொடுத்த முகம் தெரியாதவனா, பாக்கோவா, மைக்கைப் பிடித்த நானா? விமானத்தில் வரும்போதெல்லாம் இதையே யோசித்தேன். மணியாச்சி தாண்டும்போதும் யோசித்தேன். இன்னும் பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பலகையைத் திறந்தார்கள். பாக்கோ பெயர் இருந்தது, இரண்டு படம், மூன்று சாவு என்று. அவர் புதுச் சட்டை போட்டு, பழைய தொப்பியோடு நின்றார். எல்லோரும் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றவில்லை. நான் கார்மென் அம்மாளிடம் என் பெயரையும் பலகையில் போடச் சொல்லிக் கேட்டேன். இது விழுந்தவர்கள் பலகை, நீங்கள் விழவில்லையே என்று சிரித்தார். அந்த அம்மாளுக்கு என் சாட்சியம் வேண்டியிருந்தது, என் ஒட்டு வேண்டியிருந்தது, பெயர் மட்டும் வேண்டாமாம்.

பலகையின் அடியில் ஒரு சாண் இடம் காலியாக இருக்கிறது. கையால் அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அந்த இடம் என்னுடையது. சாமிக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், பதில் வரும் வரை போடுவேன். எழுத வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 'இவரை மூன்று ஆளாக்கி, கரிசல் காட்டில் நூறு தடவை சாகவைத்து நூறு தடவை அழவைத்தவர், நாகலாபுரம் டூரிங் கொட்டகை சவரிமுத்து.' தமிழிலேயே எழுதட்டும். புரியாதவர்களுக்கு யாராவது மைக்கில் சொல்லட்டும்.